மார்க் போட்ட நட்டு

எலும்பு முறிந்தவரைப் பார்த்துக்கொள்வது ஒன்றும் பெரிய காரியமில்லை. எலும்பு முறிந்த ஒரு ஃபிட்டரைப் பார்த்துக்கொள்வதுதான் பிராணன் போகிற வேலை. இதைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், அவர்கள் வீட்டில் அப்படி ஒருவர் இல்லை.

என் வீட்டுக்காரர் கடலூர் சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். பம்பு ஆடினாலும், வால்வு கசிந்தாலும், குழாய் இணைப்பில் ஆவி வந்தாலும் ஸ்பேனரோடு போய் நிற்க வேண்டியவர். தென்னை மர உயரத்துக்கு இரும்புக் கலங்கள் இருக்குமாம், ஏணியில் ஏறிப் போய் அதன் உச்சியில் நின்று வேலை பார்ப்பதுதான் அவருக்குப் பெருமை. என் தம்பிக்கும் அதே கம்பெனியில் அதே வேலை. "கூட வேலை பாக்கறவரு, தங்கமான மனுசன்க்கா" என்று இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவனே அவன்தான். மாமாவும் மச்சானும் சேர்ந்துவிட்டால் சாப்பாட்டுத் தட்டு முன்னாலும் பம்பைப் பற்றித்தான் பேச்சு. நான் முதுநகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அங்கே பிள்ளைகளிடம் கத்திவிட்டு வந்து, இங்கே இவர்களிடம் கத்த வேண்டியிருக்கிறது.

அவர்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு நட்டை முறுக்கி முடித்தவர், அந்த நட்டின் மேலும் அதை ஒட்டிய இரும்பின் மேலும் சேர்ந்தாற்போல் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிடுவார். அதற்கப்புறம் நட்டு துளி நகர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். மார்க் போடுவது என்று சொல்வார்கள். ஒருவர் மார்க் போட்ட நட்டை இன்னொருவர் தொடக் கூடாது. தொட்டே ஆக வேண்டுமென்றால், மார்க் போட்டவரைக் கூப்பிட்டுக் கேட்டு, அவர் வாயால் சரி என்று சொன்ன பிறகுதான் ஸ்பேனரை வைக்கலாம். இது கம்பெனியோடு நின்றால் தேவலை. எங்கள் வீட்டில் மஞ்சள் கோடு இல்லாத நட்டே கிடையாது. சீலிங் ஃபேன், தண்ணீர்த் தொட்டிக் குழாய், கட்டில் கால், என் ஸ்கூட்டர் சக்கரம், எல்லாவற்றிலும் கோடு. ஒருமுறை பிளம்பர் ஒருவர், மார்க் போட்ட குழாயை இவரைக் கேட்காமல் கழற்றிவிட்டார் என்று, அந்த மனுஷனுக்கு ஒரு வாய் காபிகூடக் கொடுக்கவிடாமல் சண்டை பிடித்தார்.

இப்படிப்பட்டவரின் காலில்தான் டாக்டர் கம்பியும் நட்டும் வைத்துக் கட்டினார்.

கால் முறிந்த கதையும் எரிச்சல் பிடித்த கதைதான். அவருடைய அக்காவைக் காட்டுமன்னார்கோயிலில் கொடுத்திருக்கிறது. அறுப்பு முடிந்ததும் மில்லில் அரைத்து இவருக்கு ஒரு மூட்டை அரிசி எடுத்துவைப்பார். பஸ்ஸில் போட்டு அனுப்பச் சொல்லலாம் என்று நான் சொன்னேன், அக்காவும் அதையே சொன்னார். இவர் கேட்கவில்லை. மூட்டையை பைக்கில் பெட்ரோல் டேங்க் மேல் வைத்து, இரண்டு முழங்காலையும் வெளியே அகட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். சிதம்பரம் வந்ததும் பைபாஸ் திருப்பத்தில் ஒரு லோடு வேன் ஒடித்துத் திரும்ப, இவருக்குப் பிரேக் மிதிக்கக் கால் எட்டவில்லை. வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகி, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது.

என் தம்பி வாடகைக் காரோடு பள்ளிக்கூடத்துக்கே வந்து என்னை ஏற்றிக்கொண்டான். சிதம்பரத்தில் ஆஸ்பத்திரிக்குள் நான் ஓடினபோது ஸ்ட்ரெச்சரில் கிடந்தார். சட்டையெல்லாம் ரத்தமும் தவிடுமாக இருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "அரிசிய யாராச்சும் எடுத்து வச்சாங்களா?"

அழ வந்தவளுக்கு அழுகை அப்படியே நின்றுபோனது. இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டு நிம்மதியாக அழக்கூட முடியாது.

ஊசி போட்டு அவர் கண் சொருகிய பிறகு, ஸ்ட்ரெச்சர் பக்கத்திலேயே நின்று டாக்டர் எங்களிடம் பேசினார். அதிகம் பேசாதவர், குரலும் சன்னம். "ரத்த ஓட்டம் இருக்குதும்மா. ஆனா ரோட்டு மண்ணு எலும்பு வரைக்கும் போயிருக்குது. உள்ள பிளேட் வச்சு மூடினா சீழ் புடிச்சிடும். அதனால வெளியில கம்பி வச்சுத்தான் எலும்ப நிறுத்தணும். கால காப்பாத்தத்தான் பாக்கறோம். முடியலன்னா எடுக்க வேண்டியதாப் போயிடும். இத இப்பவே சொல்லிடறது நல்லது." தம்பி என் தோளைப் பிடித்துக்கொண்டான். ஏணி ஏறுகிற கால் அது என்பதுதான் என் மனதில் ஓடியது.

ஆபரேஷன் முடிந்து வார்டுக்குக் கொண்டுவந்தபோது போர்வையை விலக்கிப் பார்த்தேன். முறிந்த இடத்துக்கு மேலே எலும்பில் இரண்டு கம்பி, கீழே இரண்டு கம்பி. சுவரில் ஆணி அடித்த மாதிரி தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. காலை ஒட்டினாற்போல் வெளியே நெடுக்காக ஓடிய ஒரு தண்டோடு, கம்பி ஒவ்வொன்றையும் கிளாம்ப் வைத்து நட்டு முறுக்கியிருந்தார்கள். ஆக, காலுக்குள்ளே எலும்பு உடைந்து கிடக்க, அது செய்ய வேண்டிய வேலையை வெளியே இருக்கிற இரும்பு செய்கிறது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

அவருக்கு மயக்கம் தெளிந்தது. தலையைத் தூக்கிக் காலைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அப்புறம் தம்பியிடம், "மச்சான், பத்து-பதினொண்ணு ஸ்பேனர் போவும்னு நெனைக்கிறேன்" என்றார்.

அடுத்த நாளிலிருந்து கம்பெனி ஆட்கள் ஷிப்ட் முடிய முடியப் பார்க்க வந்தார்கள். நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் முகத்தைப் பார்ப்பார்கள், வலிக்கிறதா என்று கேட்பார்கள். இவர்கள் ஒருத்தரும் முகத்தைப் பார்க்கவில்லை. ரிப்பேருக்கு வந்த பம்பைச் சுற்றி நிற்பதுபோல் காலைச் சுற்றி நின்றார்கள். கிளாம்ப் நல்ல பினிஷிங் என்றார் ஒருவர். தண்டு இன்னும் கொஞ்சம் கனமாகப் போட்டிருக்கலாம் என்றார் இன்னொருவர். என் அருமைத் தம்பி பாக்கெட்டிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து, என் புருஷன் எலும்பில் இறங்கியிருக்கிற கம்பியில் வைத்துப் பார்த்தான்.

"ஒட்டல மாமா. ஒரிஜினல் ஸ்டெயின்லெஸ்தான்."

"அதான பாத்தேன்" என்றார் இவர், ஏதோ தானே கடையில் பேரம் பேசி வாங்கியதுபோல.

ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் கொண்டுவந்தவர்கள் தேவலையா, காந்தம் கொண்டுவந்தவன் தேவலையா என்று எனக்குத் தெரியவில்லை. பார்க்க வந்த அவருடைய அக்கா, "இன்னாத்துக்கு இந்த இரும்பெல்லாம்? எங்க ஊர்ப் பக்கம் மூங்கில் பத்தை வச்சுக் கட்டுறவரு இருக்காரு, ஒரே கட்டுல சரியாப் போயிடும்" என்றார். தோலைக் கிழித்து வந்த எலும்புக்கு மூங்கில் பத்தையா என்று கேட்டேன். கோபித்துக்கொண்டு மூன்றாம் கட்டில் நோயாளியின் உறவுக்காரர்களோடு போய் உட்கார்ந்துகொண்டார். அதே சமயம் இவர் தம்பியிடம் மஞ்சள் பெயின்ட் பேனா கொண்டுவந்து அந்த நட்டுகளில் மார்க் போடச் சொல்லிக்கொண்டிருந்தார். நல்லவேளை, நர்ஸ் காதில் விழுந்துவிட்டது. பேனாவைப் பிடுங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போனார். அந்தப் பெண் நன்றாக இருக்கட்டும்.

புண் ஆறத் திரும்பத் திரும்பச் சுத்தம் செய்தார்கள். தொடைத் தோலை எடுத்து ஒட்டினார்கள். சீழ் பிடிக்கவில்லை. "கால் பொழச்சுக்கிச்சும்மா" என்று டாக்டர் சொன்ன அன்று, வார்டு ஜன்னலில் கோபுரம் எந்தப் பக்கம் என்றுகூடப் பார்க்காமல் கும்பிட்டேன். ஆனால் டாக்டர் பேச்சை அதோடு விடவில்லை. இனி எலும்பு ஒட்ட வேண்டும். இந்த மாதிரி முறிவில் எலும்பு தானாக ஒட்டாமலே நின்றுவிடுவதும் உண்டு. அப்படி நின்றால் இடுப்பிலிருந்து எலும்பை வெட்டி எடுத்து, காலைத் திரும்பத் திறந்து, அங்கே வைக்க வேண்டும். கால் குட்டையாகிப் போகவும் கூடும். குட்டைக் காலோடு ஏணி ஏறவிட மாட்டார்கள். ஸ்டோரில் நாற்காலி போட்டு உட்காரவைப்பார்கள். இவர் நாற்காலியில் உட்கார்கிற ஜாதி இல்லை. அப்படி ஒரு நிலைமை வந்தால் வீட்டில் என் கதி என்ன என்றும் யோசித்தேன், மறைப்பானேன்.

கடலூருக்கு வந்தோம். தினமும் பள்ளிக்கூடம் போகுமுன் கம்பி தோலுக்குள் நுழைகிற இடங்களைக் கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரால் துடைக்க வேண்டும். அந்தத் துளைகள் வழியாகக் கிருமி போனால் நேரே எலும்புக்குத்தான் போகும். ஒவ்வொரு கம்பிக்கும் புதுத் துணி, கையை சோப்புப் போட்டுக் கழுவி, மூச்சுக்கூட மெதுவாக விட்டுத் துடைப்பேன். இவர் மேலே சாய்ந்துகொண்டு, கம்பியின் மரையைக் காட்டி, "த்ரெட்டுக்குள்ள தொடை" என்று யோசனை சொல்வார். லுங்கி கம்பியில் மாட்டும், கொசுவலை மாட்டும். சாயங்காலம் சிப்காட் காற்று வீசினால் ஜன்னலைச் சாத்து என்று எல்லோர் வீட்டிலும் சத்தம் கேட்கும். இவர் மட்டும் மூக்கை உறிஞ்சி, எந்த பிளான்டில் என்ன ஓடுகிறது என்று சொல்வார். திரும்பிப் போகத் தவிக்கிறார் என்று தெரியும். அந்தத் தவிப்பைப் பார்க்க எனக்கும் பொறுக்காது. ஆனால் அதற்குள் "என்னா, பழைய துணியா இது?" என்று ஏதாவது கேட்டுவிடுவார், எனக்குச் சுர்ரென்று ஏறிவிடும்.

கொஞ்சகாலம் கழித்து சிதம்பரத்துக்குக் காட்டப் போனபோது, டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, கைப்பிடி வைத்த ஸ்பேனர் ஒன்றை எடுத்து முறிவுக்குக் கீழே இருந்த இரண்டு நட்டுகளையும் அளவாகத் தளர்த்தினார். "கொஞ்சம் லூஸ் பண்ணியிருக்கேன். இனிமே வாக்கர வச்சுக்கிட்டு நல்லா ஊனி நடங்க" என்றார். வெளியே ஓபி கூட்டம் கதவை இடித்துக்கொண்டிருந்தது, அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். காரில் வரும்போது முன் ஸீட்டில் இருந்த தம்பி திரும்பி இவரைப் பார்த்தான். இவர் அவனைப் பார்த்தார். இரண்டு பேரும் ஒரு மாதிரியாகச் சிரித்துக்கொண்டார்கள். கால் நன்றாகி வருகிற சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு அப்படியே இருந்தது. டாக்டர் பழைய படத்தையும் புதுப் படத்தையும் மாற்றி மாற்றி வெளிச்சத்தில் வைத்தார். ஊன்றி நடக்கிறாரா? நடக்கிறார். பீடி சிகரெட்? இல்லை. சர்க்கரை? பார்த்தார்கள், இல்லை. "சாப்பாடு சரியாக் குடுக்கிறீங்களாம்மா?" என்று என்னைக் கேட்டார்.

அந்தக் கேள்வி என்னை எப்படி அறுத்தது என்று எழுத முடியாது. முட்டை, கேழ்வரகு, துறைமுகத்துக்குப் போய் வாங்கின மீன், எல்லாம் கொடுத்தாகிவிட்டது. அக்கா போனில் ஆட்டுக்கால் சூப் வை என்றார், வைத்தேன். தெருவில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள், பிரண்டைத் துவையல், கருப்பு உளுந்து, எல்லாவற்றையும் செய்தேன். வீடு பூரா ஆட்டுக்கால் வாடை. வகுப்பில் நின்றால் என் புடைவையிலேயே அந்த வாடை அடித்தது. அவரும் மறுபேச்சில்லாமல் குடித்துவிட்டு, "உப்பு ஜாஸ்தி" என்பார். எலும்பு மட்டும் ஒட்டவில்லை. அதற்கடுத்த எக்ஸ்ரேயிலும் ஒட்டவில்லை. "இடுப்பு எலும்ப எடுத்துத்தான் வைக்கணும்போல இருக்குது" என்று டாக்டர் சொல்லிக்கொண்டே, ஏதோ யோசனையில் கீழ் கிளாம்பைக் கையால் அசைத்துப் பார்த்தார். அது அசையவில்லை. குனிந்து பார்த்தார்.

"நான் விட்டபடி இல்லியே இது. யாரு டைட் பண்ணது?"

என் வீட்டுக்காரர் பணிவாக, கொஞ்சம் பெருமையாகக்கூட, சொன்னார்: "நான்தான் சார். உங்களுக்கும் ஓபி கூட்டம், அவசரத்துல லூசா வுட்டுட்டீங்க. கேட்டா உங்களுக்கு சங்கடமாயிடும்னு நானே பாத்துக்கிட்டேன்."

"நான்தான் லூஸ் பண்ணியிருக்கேன்னு சொன்னேனே?"

"சொன்னீங்க சார். எங்க சூப்பர்வைசர்கூட மறந்துட்டா அப்டித்தான் சொல்லுவாரு. நாங்க ஒண்ணும் சொல்லிக்க மாட்டோம், அப்புறமா போயி முறுக்கிட்டு வந்துடுவோம்."

காரில் சிரித்த சிரிப்பு எனக்கு அப்போது விளங்கியது. டாக்டர் மறந்துவிட்டாராம், பெருந்தன்மையாக இவர்கள் மூடி மறைத்தார்களாம். நான் இங்கே ஆட்டுக்காலாக வாங்கிக் கொதிக்கவைத்துக்கொண்டிருக்கிறேன்.

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு இவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "இங்க பாருங்க. மொதல்ல எலும்பு ஆடக் கூடாது, அதனால நான் டைட்டா வச்சேன். இப்ப எலும்புக்குப் பாரம் தெரியணும். நீங்க ஊனும்போது உங்க வெயிட் எலும்பு மேல எறங்கணும். எறங்கினாத்தான் அது வளரும். நீங்க முறுக்கி வச்சா வெயிட்டு பூரா கம்பி வாங்கிக்குது, உள்ள எலும்பு சும்மா தூங்குது." திரும்பவும் நட்டுகளைத் தளர்த்தினார். "இன்னும் ஒரு தடவ பாப்போம். அப்பவும் வரலன்னா ஆபரேஷன்தான்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் தம்பிக்கு போன் போட்டேன். "டேய், ஸ்பேனர் குடுத்தது நீதானடா?"

"மாமா கேட்டுச்சிக்கா."

"மாமா விஷம் கேட்டா குடுப்பியா?"

"இல்லக்கா, லூசா இருந்துச்சி. நானே கைய வச்சுப் பாத்தேன், ஆடுச்சி."

போனை வைத்துவிட்டு வீட்டில் உள்ள ஸ்பேனரையெல்லாம் தேடினேன். டிவி மேல், குளியலறை ஜன்னலில், தலையணை உறைக்குள், கடைசியில் அரிசி டிரம்முக்குள்ளும் ஒன்று. எல்லாவற்றையும் பையில் போட்டுக் கொண்டுபோய் ஸ்டாஃப் ரூமில் என் அலமாரியில், கரும்பலகைக் காம்பஸோடு வைத்துப் பூட்டினேன். பக்கத்து மேசை டீச்சர், வீட்டில் ஏதாவது வேலை நடக்கிறதா என்று கேட்டார். நடக்கிறது என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை. அடுப்பில் மீன் பொரிந்துகொண்டிருந்தது. உள்ளே சத்தமே இல்லை என்பதால்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. எட்டிப் பார்த்தேன். கட்டிலில் உட்கார்ந்து காலைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, எங்கேதான் ஒளித்துவைத்திருந்தாரோ, இன்னொரு பத்து-பதினொண்ணு ஸ்பேனரைக் கீழ் நட்டில் பொருத்தியிருந்தார். இன்னும் திருகவில்லை.

நான் கத்திய கத்தலில் மீன் கருகியது, எதிர்வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்தார்கள். படித்தவர் அவ்வளவு தெளிவாகச் சொன்னார், மண்டையில் ஏறவில்லையா, உங்களுக்கு கால் வேண்டுமா நட்டு வேண்டுமா, என்னை என்னவென்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், என்னென்னவோ கேட்டேன். அவர் ஸ்பேனரை எடுத்துப் படுக்கை மேல் வைத்தார்.

"அன்னிக்கி டாக்டர் கால எடுக்கணும்னு சொன்னாரு இல்ல? எனக்குக் கேட்டுச்சி" என்றார்.

"மயக்கத்துல இல்ல இருந்தீங்க?"

"கண்ணுதான் மூடியிருந்துச்சி. காது கேட்டுச்சி. அப்புறம் கண்ண தொறந்து பாக்கறேன், கால் இருக்குது. அந்த நட்டுதான் புடிச்சிக்கிட்டு இருக்குது. அத லூசா வுட்டுட்டு எப்டி ஊன்றது? டாக்டர் சொல்றது புரியுது. கைதான் கேக்க மாட்டேங்குது."

மயக்கம் தெளிந்து அவர் காலை அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தது எதற்கு என்று இப்போது தெரிந்தது. கால் இருக்கிறதா என்று பார்த்திருக்கிறார். இத்தனை மாதமும் அதை என்னிடம் சொல்லாமல் ஸ்பேனர் சைஸைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். பாவமாக இருந்தது. பாவமாக இருந்ததாலேயே கோபமும் ஜாஸ்தியாக வந்தது. திரும்பிப் போகப் போனேன்.

"அதுல மார்க்கும் இல்லியே" என்றார், சின்னக் குரலில். "மார்க் இருந்திருந்தா தொட்டிருக்க மாட்டேன்."

அடுப்பை அணைத்தேன். பீரோவில் தேடி, தம்பி கல்யாணத்துக்கு வாங்கி ஒரே ஒருமுறை போட்ட சிவப்பு நெயில் பாலிஷை எடுத்துக்கொண்டு வந்தேன். கட்டில் ஓரமாக உட்கார்ந்து, அவர் காலை மடிமேல் வைத்துக்கொண்டு, டாக்டர் தளர்த்திவிட்ட இரண்டு நட்டிலும், நட்டின் மேலும் கிளாம்பின் மேலும் சேர்ந்தாற்போல் ஒவ்வொரு கோடு இழுத்தேன். உலர ஊதினேன்.

"இது என் மார்க். யார் தொடறதுன்னாலும் என்னக் கேக்கணும்."

அவர் தலையைச் சாய்த்து அந்தக் கோடுகளைப் பார்த்தார். சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"கோணலா இருக்குது" என்றார்.

"இருக்கட்டும்."

"சரி. கோணலா இருந்தாலும் மார்க் மார்க்குதான்" என்று ஸ்பேனரை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டார்.

டாக்டர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து விளக்கியும், நான் தெரு கூடக் கத்தியும் நடக்காததை ஒரு நெயில் பாலிஷ் நடத்திவிட்டது என்றால் எனக்கு எவ்வளவு ஆத்திரம் வரும் என்று நினைத்துப் பாருங்கள். ஆனால் நடந்தது. தம்பி வந்து வழக்கம்போல் கிளாம்பைத் தொடப் போனபோது, "டேய் மச்சான், கைய எடு. மார்க் போட்டிருக்குது" என்று அதட்டினார். தம்பியும் சூடு பட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டான். தினமும் காலையில் துணியால் துடைக்கும்போது கோடு உடையாமல் இருக்கிறதா என்று நானும் பார்ப்பேன், அவரும் பார்ப்பார்.

ஊன்றுவதுதான் பாக்கி. அதுவரை அவர் நடந்ததெல்லாம் முறுக்கின நட்டை நம்பி நடந்தது. இப்போது தளர்ந்த நட்டோடு ஊன்ற வேண்டும். வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டு நடையில் நின்றார். நெற்றியெல்லாம் வியர்வை. இடது காலிலேயே நின்றுகொண்டிருந்தார். நான் எதிரே நின்றேன்.

"லூசா இருக்குதும்மா."

"இருக்கட்டும். ஊனுங்க."

"வழுக்கிச்சின்னா?"

"வழுக்காது. என் மார்க் இருக்குது. ஊனுங்க."

வழுக்காது என்று எனக்கு மட்டும் எப்படித் தெரியும்? அவர் பல்லைக் கடித்துக்கொண்டு வலது காலில் இறங்கினார். கம்பியில் கிளுக்கென்று ஒரு சின்னச் சத்தம். இரண்டு பேரும் சேர்ந்து குனிந்து பார்த்தோம். தண்டு கிளாம்புக்குள் மயிரிழை அசைந்திருந்தது. சிவப்புக் கோடு அப்படியே இருந்தது. அவர் நிமிர்ந்து, இன்னொரு எட்டு வைத்தார். அன்று நடை முழுக்கப் போய்த் திரும்பி வந்தார். வந்து உட்கார்ந்து, "மீன் கருகிப் போச்சா?" என்றார். அது போன வாரத்து மீன்.

அடுத்த எக்ஸ்ரேயில் முறிந்த இடத்தைச் சுற்றி வெள்ளையாக ஏதோ படர்ந்திருந்தது. டாக்டர் விரலால் அதைச் சுற்றிக் காட்டி, "வந்துடுச்சு" என்றார். ஆபரேஷன் வேண்டாம் என்று அவர் சொன்னபோது நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். சிவப்புக் கோடு எதற்கு என்று கேட்டார். இவர் வழக்கத்தையெல்லாம் நீட்டி முழக்கிச் சொன்னார். வெளியே கூட்டம் கதவை இடித்துக்கொண்டிருந்தது, எனக்கு மானம் போயிற்று.

எலும்பு நன்றாகக் கூடி, கம்பியைக் கழற்றுகிற நாளும் வந்தது. இவரை மேசைமேல் படுக்கவைத்தார்கள். தம்பி வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டர் அந்தக் கைப்பிடி ஸ்பேனரை எடுத்துக் கீழ் நட்டில் வைக்கப் போனார். இவர் எழுந்து உட்கார்ந்து நட்டின் மேல் கையை வைத்துப் பொத்திக்கொண்டார்.

"சார், ஒரு நிமிஷம். மார்க் போட்டது இவுங்க. இவுங்களக் கேட்டுட்டுக் கழட்டுங்க."

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்குச் சுர்ரென்று வந்தது. நாலு பேர் முன்னால், பெரிய டாக்டரைக் காக்கவைத்து, இதென்ன கூத்து என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாடவில்லை. டாக்டரும் அதைப் பார்த்தார்போல, ஸ்பேனரைக் கையில் பிடித்தபடி என் பக்கம் திரும்பி, "கழட்டலாமா டீச்சர்?" என்று கேட்டார்.

இத்தனை மாதம் ஓயாமல் கத்தினவள் நான். தலையை மட்டும் ஆட்டினேன்.

"வாயால சொல்லணும்" என்றார் அவர், நட்டிலிருந்து கையை எடுக்காமல். "அதான் ரூல்."

சொன்னேன்.